பன்னிரண்டாவது வீட்டுக்கு நேரே ஒரு ‘மேற்படி’

‘சாதனம் ஒலி எழுப்பத் தவறினால் பயனாளர் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சாதனம் பழுது நீக்கித் தரப்படும், அல்லது மாற்றித் தரப்படும்.’ பயனாளர் கையேடு, ஏழாம் பக்கம், நான்காம் பத்தி.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதிகளை என் அலுவலக வாழ்க்கை முழுவதிலும் நாலைந்துதான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டை நானே எழுதினேன். அதனால் தெளிவான விதிகளின் தலையெழுத்து எனக்குத் தெரியும். எல்லோரும் அவற்றை மதிப்பார்கள், யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள்.

சாதனம் என்று கையேடு சொல்வது ஒரு பெட்டி. பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா அளவு, சாம்பல் நிறம். மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். முகப்பின் நடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, ஊசித் துளைகள் வட்டமாக இருக்கும். பெட்டி பேசுவது அந்த வழியாகத்தான். விழுப்புரத்தில் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் ஒரு தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்கு இதைக் கொடுத்தார்கள். முந்தைய வருட மழையில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பரிகாரமாக வாய்க்காலை அகலப்படுத்தவில்லை, பெட்டி கொடுத்தார்கள். ஏரியின் மதகைத் திறப்பதற்கு முன் மையத்திலிருந்து செய்தி வரும். பெட்டி மூன்று முறை நீளமாக ஊளையிட்டு, பிறகு ஒரு பெண் குரலில், ‘தாழ்வான பகுதியில் உள்ளவர்கள் உடனே வெளியேறவும்’ என்று சொல்லும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரே ஒரு ஊளை, அதே குரல், ‘இது சோதனை’.

அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்று என் அக்காவுடையது. அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை முழுவதும் போய்விட்டது. திண்டிவனத்தில் என்னோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். “உன் வூட்ல ஸ்விட்ச் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா. இங்க எல்லாம் கைக்குத் தெரியும்” என்பாள். பெட்டியின் மூன்று விளக்குகளில் எது எரிந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஏரி திறந்தால் அவளுக்கு அந்தக் குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அவளால் கையெழுத்துப் போட முடியாததால், பதிவேட்டில் ‘பயனாளர்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டவன் நான்.

ஆயுதபூஜை முடிந்த மறு திங்கள், பத்தே கால் மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டேய், இன்னிக்குத் திங்கட்கிழமைதானே?”

“ஆமாம். ஏன்?”

“பொம்பள பேசல. எனக்கு வாரமே நின்னு போச்சு.”

அவள் நாள் எண்ணுவது அந்தக் குரலை வைத்துத்தான். வயதான காலத்தில் தவறவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த திங்கள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மயிலம் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் இறங்கியதும் பஸ் பாதி காலியானது. ஜன்னலுக்கு வெளியே வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கையில் கையேடு இருந்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் அதை இரண்டு முறை படித்துவிட்டேன்.

கையேட்டில் ‘ஒலி வராதபோது செய்ய வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருந்தது. பயனாளர்களில் அதை வரிசைப்படி செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் படி, முகப்பைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைக்கவும். அக்காவின் பழைய வாயில் புடவைத் துண்டை எடுத்து, பெட்டியைச் சுற்றிலும் துடைத்தேன். ஆயுதபூஜைக்கு வைத்த பொட்டு கலைந்துவிடக் கூடாது என்று அதை மட்டும் விட்டுவிட்டு, விளிம்பு, மூலை, பின்பக்கம் எல்லாம் பளபளவென்று துடைத்தேன்.

அந்தப் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜையன்று நான் அந்தத் தெருவில்தான் இருந்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் ஆட்டோ, தையல் மிஷின், கடப்பாரை, கொத்தனாரின் கரண்டி எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். ‘உயிரைக் காக்கிற கருவிக்கு இல்லாத பூஜையா?’ என்று பெட்டிகளையும் கொண்டு வரச் சொன்னவன் நான். பொட்டு வைக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் வைத்தால் கோணலாக இருக்கும். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நெற்றி பார்த்து, மையம் பிசகாமல் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பூஜையில் வைத்த பொட்டை நம் ஊரில் யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிரும் வரை இருக்கும்.

நான் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். மல்லாட்டை மில்லில், வேர்க்கடலை உடைக்கும் வேலை. எட்டரைக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். போகும்போது அக்காவுக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

“இன்னா சார், பொட்டிக்கு ஜொரமா? இந்தத் தடவு தடவிக்கினு இருக்கீங்க?”

“சத்தம் வரவில்லை அம்மா.”

“அத்த தொறந்து பார்த்தா ஆவாதா? பஸ் ஸ்டாண்டாண்ட செல்லு ரிப்பேர் பண்றவரு இருக்காரு. ஜல்தியா பண்ணிக் குடுத்துடுவாரு.”

பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளி நிற முத்திரையை அவளுக்குக் காட்டினேன். “இதை உடைத்தால் பொறுப்பு நம்மிடம் வந்துவிடும்.”

“ஒடைக்காட்டி மட்டும் ஏரித் தண்ணி யாராண்ட வரும்?” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நடைமுறை தெரியாதவர்கள் பேசும் பேச்சு எப்போதும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒலி அளவுப் பொத்தான் கடைசி வரை ஏற்றப்பட்டிருந்தது. மௌனப் பொத்தான் அழுத்தப்படவில்லை. பேட்டரி நிறைந்திருந்தது. பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் இயக்கினேன். சரியாகப் பத்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. குரல் வரவில்லை. ஆனால் சுத்தமாக ஒன்றும் வரவில்லை என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் ஆழத்தில் ஒரு முனகல் எழுந்து, சிறிது நேரம் இழுத்து, அடங்கியது. என் காது அதைப் பொருட்படுத்தவில்லை. அக்கா மட்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

“கேட்டுச்சா?”

“மின்சாரச் சத்தம்.”

“இல்லடா. அந்தப் பொம்பளதான். யாரோ அவ வாயப் பொத்திக்கினு இருக்காங்க.”

சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அறை திடீரென்று குளிர்ந்தது போல இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகவே தெருவில் இறங்கி மற்ற வீடுகளை விசாரித்தேன். நான் விசாரிப்பது என்றால் கட்டம் போட்ட தாளில்தான். வரிசை எண், வீட்டு எண், விளக்கு எரிகிறதா, ஒலி வருகிறதா. பத்து வீடுகளிலும் ஒரே பதில். விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. பாதிப் பேர் அதுவரை கவனிக்கவே இல்லை. அந்த நேரத்தில் வேலைக்குப் போய்விடுவோம் என்றார்கள். ஒருவர், “சனியன் ஒழிஞ்சுதுன்னு இருந்தோம் சார்” என்றார்.

அக்காவுடையதோடு பதினொன்று. பன்னிரண்டாவது எதிர் வீடு. பூட்டியிருந்தது. அவள் வரும்வரை காத்திருந்தால் ஐந்து மணி பஸ் போய்விடும். பதினோரு பெட்டி ஊமையாக இருக்கும்போது பன்னிரண்டாவது மட்டும் பேசவா போகிறது? அதற்கு நேரே ‘மேற்படி’ என்று எழுதினேன்.

தர்க்கம் பிசகாமல் வந்தது. ஒரு பெட்டி கெட்டால் கோளாறு பெட்டியில். பன்னிரண்டும் ஒரே நாளில் கெட்டால் கோளாறு பெட்டிகளில் இல்லை, அவற்றுக்குச் செய்தி அனுப்பும் மையத்தில். எனவே பெட்டியைத் தொடவே தேவையில்லை. எழுத வேண்டும். எழுதத்தான் எனக்குத் தெரியுமே. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் சரியாக அமைத்து, கட்டத் தாளை இணைப்பாக வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘பன்னிரண்டு சாதனங்களும் ஒருசேரச் செயலிழந்துள்ளதால், கோளாறு மையத்தில் உள்ளது என்பது தெளிவாகிறது.’ அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு உண்டான திருப்தியை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஒப்புகை அட்டை நான்காம் நாள் வந்தது. பதில் வரவில்லை. மழை வந்தது.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு பெண் பேசினார்.

“சார், எங்க சிஸ்டத்துல உங்க டிவைஸ் ஓகேன்னு காட்டுது.”

“சத்தம் வரவில்லை அம்மா.”

“வருதுன்னு காட்டுது சார்.”

“காட்டுவது உங்களுக்கு. கேட்க வேண்டியது என் அக்காவுக்கு.”

“பன்னெண்டு டிவைஸுமே ஓகே சார். ஸ்பீக்கர் முன்னாடி ஏதாவது மறைச்சிருக்கான்னு பார்த்தீங்களா?”

“கையேட்டின் எல்லாப் படிகளையும் செய்துவிட்டேன். எழுத்து மூலம் புகாரும் கொடுத்திருக்கிறேன். எழுத்து மூலம் பதில் வரட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தேன். யாரிடம் பேசுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று தோன்றியது. இரண்டாம் கடிதத்தில் அவருடைய அலட்சியத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்.

ஐப்பசி முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒவ்வொரு திங்களும் விழுப்புரம் போனேன். போகும்போதெல்லாம் முதலில் ஏரிக்கரை மேல் ஏறிப் பார்ப்பேன். முதல் வாரம் நடுவில் கருவேல மரங்களின் தலைகள் தெரிந்தன. அடுத்த வாரம் சில தலைகள் குறைந்தன. கார்த்திகை பிறந்தபோது ஒரே ஒரு மரத்தின் உச்சி மட்டும், யாரோ தண்ணீருக்குள் நின்று கையை உயர்த்துவது போலத் தெரிந்தது. கரையிலிருந்து திரும்பிக் கீழே பார்த்தால், ஏரியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அக்கா வீட்டுக் கொடியில் புடவை காய்வது தெரியும்.

பெட்டி முனகியது இப்போது திங்கட்கிழமைகளில் மட்டும் இல்லை. கனமழை அறிவிப்புகளுக்கும் மஞ்சள் விளக்கு எரிந்து, உள்ளே அந்த அடைபட்ட சத்தம் வந்தது. அக்காவின் தூக்கம் கெட்டுப் போனது. ஒருநாள் மத்தியானம் முனகல் கேட்டு, மதகைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கோலை ஊன்றிக்கொண்டு மழையில் தனியாக, வெள்ளம் வந்தால் தங்க ஒதுக்கிய பள்ளிக்கூடம் வரை போய்விட்டாள். அங்கே யாரும் இல்லை. திரும்பும்போது வழுக்கி விழுந்து முழங்கை தோல் உரிந்தது. எனக்குச் சுரீரென்றது. இதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“முனகல் எச்சரிக்கை ஆகாது. அதை நம்பிக் கிளம்பாதே. ஒன்று, அந்தக் குரல் தெளிவாக வர வேண்டும். இல்லையென்றால் நான் போன் செய்வேன். இரண்டும் இல்லாமல் வாசற்படி இறங்கக் கூடாது” என்றேன். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

“இன்னாடா பண்றே? பசை வாசனை வருது.”

“எழுதி ஒட்டுகிறேன்.”

“யாருக்கு? பல்லிக்கா?”

“அக்கா, விளையாடாதே. சத்தியம் செய்.”

“சரிடா. குரல் வந்தாத்தான் எழுந்திரிப்பேன்” என்றாள். முப்பது வருடம் பிள்ளைகளை மணியடிக்கும் வரை உட்கார வைத்தவள். சொன்னால் சொன்னதுதான்.

அதன் பிறகு மூன்றாம் கடிதம், அதன் பிறகு நான்காம் கடிதம். நான்காவதில் ‘உயிர்ச்சேதம் நேர்ந்தால்’ என்ற சொற்றொடரைச் சேர்த்தேன். சேர்த்தபோது அது ஒரு சொற்றொடர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் விடியவே இல்லை. காலை எட்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். பத்து மணிக்கு மின்சாரம் போனது. அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. “ரோட்ல தண்ணி ஓடுது, சத்தம் கேக்குது. வூட்ல இல்ல” என்றாள். பதினொன்றரைக்கு மீண்டும் அழைத்தபோது மணி அடிக்கவில்லை. பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை, எப்போது அழைத்தாலும் ஒரே அமைதி. குடையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ் எதுவும் கிளம்பவில்லை. விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் ரோடே தெரியவில்லை என்று ஒரு கண்டக்டர் சொன்னார். பெட்டி பேசாவிட்டால் நான் பேசுவேன் என்று சொல்லியிருந்தேன். நான் அங்கே, நனைந்த பெஞ்சில், கையில் பேசாத போனோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாலைதான் அக்காவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில், இடுப்பு எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இருமிக்கொண்டே தூங்கினாள். கட்டிலுக்குக் கீழே எதிர் வீட்டுப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வந்துட்டீங்களா?” என்றாள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து உலை வைத்திருக்கிறாள். ஒரு மணிக்கு அவள் வீட்டுப் பெட்டி கூவியிருக்கிறது.

“மூணு வாட்டி கூவி, வெளிய போங்கன்னு அந்தப் பொம்பள கத்துது. நா அப்டியே அடுப்ப வுட்டுட்டு, தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திக்கினு டீச்சரம்மா வூட்டுக்கு ஓடியாந்தேன். மத்தவங்கல்லாம் கெளம்பிட்டாங்க. இவங்க கட்டில்ல ஒக்காந்துகினு இருக்காங்க. கால் கீழ தண்ணி. பொட்டி ஹூம் ஹூம்னு முனகுது. வாங்க டீச்சரம்மான்னு கையப் புடிச்சு இஸ்தா, வரமாட்டேன்றாங்க.”

“ஏன்?”

“ஏனா? கொரல் வர்ல, தம்பியும் போன் பண்ல, தம்பிக்கு சத்தியம் பண்ணிக்கிறேன்றாங்க. எம் பொட்டி கத்திச்சு டீச்சரம்மான்னு நானும் கத்தறேன். அது ஒன் பொட்டி, ஏம் பொட்டி சொல்லணும்ன்றாங்க. பத்து நிமிசம் சார். பத்து நிமிசம் கெஞ்சினேன். அப்பறம் கதவு தானா தொறந்துக்கிச்சு. இடுப்பு வரிக்கும் தண்ணி. தூக்கினு வந்தேன். வாய்க்காலாண்ட கால் வாரிடுச்சு, ரெண்டு பேரும் வுழுந்தோம். அந்தப் பத்து நிமிசம் இல்லன்னா நடந்தே வந்திருப்பாங்க.”

அப்போதும்கூட எனக்கு உறைக்கவில்லை. அவள் வீட்டுப் பெட்டி பேசியது என்றதும், என் நான்காம் கடிதத்தைப் பார்த்து மையத்தில் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்கள் போலும், எதிர் வீடு வரை வந்து நம் வீடு வருவதற்குள் தண்ணீர் முந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டிலின் அருகில் நின்றுகொண்டு, என் கடிதத்தைப் பற்றி ஒரு நொடி பெருமையும் பட்டேன். மறைக்கப் போவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை வீட்டைக் கழுவப் போனேன். எதிர் வீட்டுப் பெண் மண்வெட்டியோடு வந்தாள். அறை முழுக்கக் கணுக்கால் அளவு சேறு, அதற்கு ஏரியின் வாசனை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் நெஞ்சளவுக்கு இருந்தது. நான் ஒட்டிய தாள் அந்தக் கோட்டுக்குக் கீழே, எழுத்து கரைந்து, வெற்றுத் தாளாகத் தொங்கியது. அதன் பக்கத்தில் ஆணியில் பெட்டி. தண்ணீர் புகாது என்று கையேடு சொன்னது உண்மைதான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாங்கள் சேற்றை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். மணி பத்து.

ஒரு நீண்ட ஊளை. சேறு பூசிய அந்த வெற்று அறையில் அது சுவர்களில் மோதித் திரும்பியது. பிறகு அந்தக் குரல், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, பக்கத்தில் நின்று பேசுவது போல.

“இது சோதனை.”

கிட்டே போய்ப் பார்த்தேன். முகப்பின் நடுவில் துளைகள் எல்லாம் திறந்திருந்தன. அவற்றிலிருந்து கீழ்நோக்கி மஞ்சளாக ஒரு கறை ஒழுகி, ஓரத்தில் கொஞ்சம் சிவப்போடு உலர்ந்திருந்தது. ஒரு இரவும் ஒரு பகலும் தண்ணீரில் ஊறிச் சந்தனம் கரைந்து போயிருக்கிறது. நான் உலர்ந்த துணியால், அது கலையாமல், சுற்றிலும் துடைத்தது ஞாபகம் வந்தது.

“உங்கள் பெட்டி…” என்றேன். “அது எப்போதிலிருந்து பேசுகிறது?”

“எப்பவுமே பேசும் சார். மழைன்னா ராத்திரில கூட கூவும்.”

“பூஜைக்குக் கொண்டு வரவில்லையா?”

“நாங்க எங்க சார் அதெல்லாம் பண்றோம்? சிலுவ படத்துக்குக் கீழ மாட்டினது, மாட்டின எடத்துலயே இருக்குது.” என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவள் முட்டாள் அல்ல. “இவங்களோடது ரிப்பேர்னு அன்னிக்கிச் சொன்னீங்க. அப்பறம் லெட்டர் மேல லெட்டர் போட்டுக்கினு இருந்தீங்களா, சரியாயிருக்கும்னு நெனச்சுக்கினேன். எம் பொட்டி எப்டி இருக்குன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே சார்.”

கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்திருப்பேன். அந்த யோசனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஈரத்துணிக்கு ஒரு நிமிடம். ‘மேற்படி’ என்று எழுத மூன்று விநாடி ஆனது.

அக்காவைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தேன். இப்போது அவள் மறுக்கவில்லை, மறுக்கும் நிலையில் இல்லை. நடுக்கூடத்தில் கட்டில் போட்டோம். ஒரு ஸ்விட்சும் அவள் கைக்கு எட்டாது. இருமல் நிற்கவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால், “பதில் வந்துதாடா?” என்பாள். அவள் அதை ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சந்தனத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மார்கழி முழுவதையும் கழித்தேன்.

ஒருநாள் காலை வந்தது. பழுப்பு உறை, முத்திரை எல்லாம் சரி. தெருவில் யாரோ பழைய பாயையும் டயரையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். கூடமெல்லாம் புகை.

“காகிதம் கிழியுது. பதில்தானே? படி. முழுசாப் படி” என்றாள் அக்கா.

“‘பார்வையில் காணும் தங்கள் நான்காம் கடிதத்தின்படி பரிசீலிக்கப்பட்டது. பன்னிரண்டு சாதனங்களுக்கும் மையத்திலிருந்து ஒலி தடையின்றிச் சென்றடைவது உறுதி செய்யப்பட்டுள்ளது.’” நிறுத்தினேன். அடுத்த வரி கண்ணுக்குத் தெரிந்தது. அதை விட்டுவிட்டு ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. அவள் தலையை என் பக்கம் சாய்த்து, அன்று பெட்டியைக் கேட்டது போலவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

படித்தேன். “‘ஆயுதபூஜைக்குப் பின் வரும் இத்தகைய புகார்களில், முகப்பின் ஒலித்துளைகள் சந்தனம், குங்குமத்தால் அடைபட்டிருப்பது வழக்கம். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, விவரம் தெரிவிக்கவும்.’”

டயர் எரிகிற நாற்றத்துக்கு இருமினாள்.

“பொட்டு யார்றா வெச்சது?”

“நான்.”

“பன்னெண்டுக்குமா?”

“பதினொன்றுக்கு.”

அவள் கை போர்வை மேல் எதையோ தேடி, அப்படியே நின்றது. “தேதி சொல்லாமப் படிக்கிறியே. மொதல்ல தேதிதானே.”

“எழுதிய தேதியா, வந்த தேதியா?”

“ரெண்டும்.”

எழுதிய தேதி, தண்ணீர் வந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழன். நான்காம் கடிதம் கிடைத்த மூன்றாம் வேலை நாள். ஏழாம் பக்கம், நான்காம் பத்தி, மூன்று வேலை நாட்கள். அந்தக் கடிதத்தின் கணக்கில் விதி மீறப்படவில்லை. கையெழுத்தான கடிதம் அதன் பிறகு தபால் அனுப்பும் பிரிவில், ஒரு தட்டில், மற்றக் கடிதங்களுக்குக் கீழே கிடந்திருக்கிறது. அந்தத் தட்டை எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன். அதை அவளுக்குச் சொன்னேன்.

“வந்தது?” என்றாள்.

“இன்றைக்கு, அக்கா. போகி. ஜனவரி பதின்மூன்று.”